மூன்று வண்டிகளையும் விற்க வேண்டாம், சம்பந்தி

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் உங்கள் வீட்டில் சௌக்கியம். உங்கள் தோள்பட்டை எலும்பு கூடி வருவதாக மருமகள் தொலைபேசியில் சொன்னாள். கேட்டு நிம்மதியாக இருந்தது. என் மகன் உங்களைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றால் தயங்காமல் திட்டுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் திரும்பும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலை, வியாழக்கிழமை பழைய இரும்பு வியாபாரி வந்தால் கொட்டகையில் இருக்கும் மூன்று வண்டிகளையும் கொடுத்தனுப்புவது இன்னொரு வேலை என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். "என் ஓட்டம் முடிஞ்சுபோச்சு, இனி இதெல்லாம் எதுக்கு" என்று நீங்கள் சொன்னபோது நான் பலமாகத் தலையாட்டினேன். இந்த வயதில் காட்டிலும் மேட்டிலும் ஓடுகிற வண்டி எதற்கு என்று இரண்டு வருடமாக உங்களை நச்சரித்தவனும் நான்தான். அந்த வாயைத் தைத்துக்கொள்ளலாமா என்று இப்போது தோன்றுகிறது. இன்று புதன்கிழமை. தொலைபேசியில் இதையெல்லாம் கோவையாகச் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒன்பது மாடி அலுவலகக் கட்டடத்தில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ஓட்டினேன். மேலே போனேன், கீழே வந்தேன். இடமோ வலமோ ஓர் அடி போனதில்லை. அப்படிப்பட்டவனிடம், வியாழக்கிழமை வண்டிகள் தாமாகவே லாரியில் ஏற வேண்டும், அதனால் தினம் ஒருமுறை இன்ஜினை ஓடவிடுங்கள் என்று சொல்லிவிட்டீர்கள். திங்கட்கிழமை காலை மூன்று சக்கர வண்டியில் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியில் நீங்கள் கட்டித் தொங்கவிட்டிருந்த அட்டையைப் படித்தேன். அமெரிக்காவில் பனிக்காலத்தில் யாரும் மோட்டார் சைக்கிள் வாங்காததால் கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்களாம். அவர்கள் விற்பதற்கு ஏதாவது செய்து கொடு என்று ஒரு பொறியாளரிடம் சொன்னார்களாம். அந்த மனிதர் இரண்டு சக்கரத்திலிருந்து ஆறு சக்கரம்வரை வைத்துவைத்துப் பார்த்து, கடைசியில் மூன்று போதும் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் இதைக் கொண்டுவந்தாராம். ஸ்பிரிங் கிடையாது, குண்டு டயருக்குள் இருக்கும் கொஞ்சம் காற்றுதான் ஸ்பிரிங்காம். படித்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். வியாபாரம் படுத்துக்கொண்டால் எங்கள் ஆட்கள் சம்பளத்தைத்தான் குறைப்பார்கள். அங்கே ஒரு புது வண்டியே பிறந்திருக்கிறது.

அந்த மயக்கத்திலேயே கயிற்றைச் சுண்டி இன்ஜினைக் கிளப்பினேன். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விசை இருந்தது. சம்பந்தி, விசையைக் கண்டால் அழுத்தி, மாடி வரும்வரை விரலை எடுக்காமல் காத்திருப்பது என் உடம்பில் ஊறிய பழக்கம். எங்கள் பழைய லிஃப்ட் அப்படித்தான். அழுத்தினேன், காத்திருந்தேன். மாடி வரவில்லை. கொட்டகைக் கதவு வந்தது, துணிக்கொடி வந்தது, உங்கள் சம்பந்தியம்மா காயப்போட்டிருந்த படுக்கை விரிப்பு வந்து முகத்தை மூடியது, "ஏங்க, விரலை எடுங்க, விரலை எடுங்க" என்று அவள் குரல் வந்தது. திருப்பத்தில் உடம்பைச் சாய்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. லிஃப்டில் நிமிர்ந்து அசையாமல் நிற்பதுதான் மரியாதை. அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வண்டி என்னைச் சேற்றில் பத்திரமாக இறக்கிவிட்டு, தான் மட்டும் சரிவில் உருண்டு குட்டைக்குள் போய்விட்டது. போச்சு, சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பேன் என்று விரிப்பை விலக்கிப் பார்த்தால், வண்டி மூழ்கவில்லை. மூன்று டயரையும் நம்பி, குட்டை நடுவில் சாவகாசமாக மிதந்துகொண்டிருந்தது. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதை மீட்க ஆறு சக்கர வண்டியை எடுத்தேன். அதன் அட்டையில், இது அறுபதுகளின் சங்கதி, எல்லாவற்றுக்கும் மூத்தது, சதுப்பில் ஓடும், தண்ணீரில் மிதந்து சக்கரத்தாலேயே துழாவிப் போகும் என்று எழுதியிருந்தீர்கள். என்னைத் தனியாக விட பயந்து உங்கள் சம்பந்தியம்மாவும் ஏறிக்கொண்டாள். "இந்த ஓட்டை உடைசலை எல்லாம் வியாழக்கிழமை முதல் வேலையா லாரியில ஏத்தணும்" என்று திட்டிக்கொண்டேதான் ஏறினாள். ஸ்டீயரிங்கைத் தேடினோம், இல்லை. இரண்டு நெம்புகோல்கள்தான், இடதை இழுத்தால் இடப்பக்கச் சக்கரங்கள் நின்று வண்டி இடப்பக்கம் திரும்பும், வலது அப்படியே வலப்பக்கம். ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டோம். முதலில் அவள் சொல்கிற திசைக்கும் நான் சொல்கிற திசைக்கும் இடையே கரையிலேயே நாலு சுற்றுச் சுற்றினோம். பிறகு இரண்டு பேருமே கையைத் தளர்த்தினோம். வண்டி நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. நாற்பது வருடக் குடித்தனத்தில் நாங்கள் ஒரே திசையில் போனது அன்றுதான். திட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று அடங்கி, "ஏங்க, இது நீந்துதுங்க" என்றாள். மிதந்துகொண்டிருந்த மூன்று சக்கர வண்டியைக் கயிற்றில் கட்டிக் கரைக்கு இழுத்து வந்தோம்.

சேற்றுச் சரிவில் இரண்டையும் மேலே இழுத்தது நான்கு சக்கர வண்டிதான். அந்த அட்டையையும் படித்தேன். மூன்று சக்கரம் திருப்பத்தில் கவிழ்ந்து கவிழ்ந்து நிறையப் பேர், குழந்தைகள்கூட, அடிபட்டார்கள் என்றும், எண்பதுகளின் கடைசியில் பெரிய கம்பெனிகள் அதை நிறுத்திவிட்டு நாலு சக்கரத்துக்கு மாறின என்றும், பிறகு தீவனம் சுமக்க, வேலி பார்க்க, மலையில் சிக்கியவரைத் தூக்கிவர என்று இது எல்லாருக்கும் வேலைக்காரனாகிவிட்டது என்றும் இருந்தது. விழுந்தவர்களைப் பார்த்து இன்னொரு சக்கரம் சேர்த்த மனித புத்தியை நினைத்து அந்த அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இருபது வருடம் நான் குப்பை என்று நினைத்துத் தாண்டிப்போன கொட்டகைக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது.

சம்பந்தி, இவற்றை அறுத்து எடைக்குப் போட்டால் என் மனசு ஆறாது. உங்கள் ஓட்டம் முடியவில்லை. எலும்பு கூடியதும் உடனே கிளம்பி வாருங்கள். நான் ஓட்டுகிறேன், எங்கே சாய வேண்டும் என்று நீங்கள் பின்னாலிருந்து சொல்லுங்கள். நான் நச்சரித்ததையெல்லாம் மறந்துவிடுங்கள். வியாபாரியிடம் நாளை மரியாதையாக, உரிமையாளர் மனம் மாறிவிட்டார் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் நோய்நொடியின்றி நீண்ட ஆயுளோடு இருக்க எங்கள் இருவரின் பிரார்த்தனைகள். பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: வியாழன் காலை. உறையை ஒட்டும்போதே வியாபாரி நாலு ஆட்களோடு லாரியில் வந்துவிட்டார். மரியாதையாகச் சொன்னேன். "வாக்குக் குடுத்தவரு அவரு. அவரே வந்து என் முகத்தைப் பார்த்து இல்லைன்னு சொல்லட்டும், கூப்பிடுங்க" என்றார். நான் கையிலிருந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதற்குள் உங்கள் சம்பந்தியம்மா வெளியே வந்து, "அவரு எப்படிங்க வருவாரு, செத்து நாலு நாள் ஆச்சு. சொத்துத் தகராறு, ஒரு ஆணியைக்கூட எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டாள். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். நீங்கள் அவ்வளவு நல்லவராம். அழுவதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. லாரி காலியாகத் திரும்பிவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு துக்கம் விசாரிக்க வருகிறாராம். ஆகவே உடனே கிளம்பி வரச் சொன்னதை ரத்து செய்கிறேன். நான் எழுதும்வரை அங்கேயே, யார் கண்ணிலும் படாமல், உயிரோடு இருங்கள்.