எங்கே என்று கேட்காதீர்கள்

"டமார்!"

வெடித்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நித்தியானந்தன் பாதி கட்டிய கழுத்துப்பட்டியோடு ஓடிப்போய்க் கீழே எட்டிப் பார்த்தான். அவனை ஏற்றிப் போக வந்த நண்பன் தேவகுமாரின் பழைய கார் வாசலில் கறுப்புப் புகைக்கு நடுவில் நின்றது. தேவகுமார் இறங்கி, காரின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மேலே நிமிர்ந்து இரண்டு கைகளையும் விரித்தான்.

"என்னடா?"

"முடிஞ்சுது. எஞ்சின்."

"இண்டைக்குத்தானோ முடியவேணும்?"

"இண்டைக்கு உனக்குப் பெம்பிளை பாக்கிற நாள் எண்டு அதுக்குத் தெரியுமோ?"

எண்பத்தாறாம் ஆண்டு ஆனி மாதத்துச் சனிக்கிழமை அது. காலை எட்டு மணி. நித்தியானந்தனுக்கு முப்பத்தொரு வயது. அவன் பார்க்கப் போக இருந்த மனோரஞ்சிதம், டென்மார்க்கைத் தாண்டி ஜெர்மனி எல்லைக்கு அப்பால் பிளென்ஸ்பேர்க் நகரில், அண்ணன் பாலசிங்கத்தின் வீட்டில் தாயோடு தங்கியிருந்தாள். தங்கியிருப்பது இன்று மாலை ஐந்து மணி வரைக்கும்தான்.

பாலசிங்கம் வியாழக்கிழமை தொலைபேசியில் எல்லாவற்றையும் விளக்கியிருந்தான்.

"இஞ்ச ஒரு கந்தோர் இருக்கு, நித்தி. காரில இடம் இருக்கிறவனையும் பயணம் போக இருக்கிறவனையும் சேர்த்து விடுவாங்கள். அப்பிடி ஒருத்தன் பாரிசுக்குப் போறான். மூண்டு இடம் எடுத்திருக்கிறம். சரியா அஞ்சு மணிக்கு எடுப்பான், ஒரு நிமிசம் நிக்கமாட்டான். பாரிசில இன்னொரு மாப்பிள்ளை இருக்கிறார், கடை வைச்சிருக்கிறார். நீ நாலு மணிக்கு வந்து அம்மாவோட கதைச்சியெண்டால் அம்மா ஒரு முடிவு சொல்லுவா. வராட்டி நான் ஒண்டும் செய்யேலாது. தனிய வந்து நிக்காதை. பெரியாள் ஒருத்தரோட வா. அம்மா அதெல்லாம் பாப்பா."

அவர்கள் வாழ்ந்த டேனிஷ் ஊரான கிரின்ஸ்டெட்டில் நித்தியானந்தனுக்கு இருந்த ஒரே பெரியாள், அதே வீட்டின் அடுத்த அறையில் இருந்த கனகசபை அண்ணைதான். வயது ஐம்பத்திரண்டு. "ஊரில நான் அரசாங்க சேவை" என்பார். எந்தச் சேவை என்று யாரும் கேட்டதில்லை. அவர் அதைச் சொல்லும் தோரணையிலேயே கேள்வி அடங்கிவிடும். இரண்டு வருடங்களாக அவருக்குச் சமைப்பது, தலைமயிர் வெட்டுவது, கொமூன என்ற நகரசபையிலிருந்து வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வது எல்லாம் நித்தியானந்தன். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டு இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிடுவது கனகசபை.

"பஸ் இல்லையோ?" என்றான் நித்தியானந்தன்.

"சனிக்கிழமையில? அதைப் பிடிச்சு, கோல்டிங்கில ரெயில் மாறி, நீ போய்ச் சேர அவை பாரிசில நிப்பினம்" என்றான் தேவகுமார். "றோட்டில நிண்டு பெருவிரலைக் காட்டு. வெள்ளைப் பொடியள் ஐரோப்பா முழுக்க அப்பிடித்தான் திரியிறாங்கள். ஒரு சதம் செலவில்லை."

எட்டே முக்காலுக்கு நித்தியானந்தனும் கனகசபையும் பெருந்தெருவுக்கு வந்தார்கள். நித்தியானந்தன் கூச்சத்தோடு பெருவிரலை நீட்டினான். ஐந்தாவது கார் நின்றது. ஓட்டி வந்தவர் தலையில் துணி கட்டிய ஒரு பண்ணைக்கார அம்மா. கண்ணாடியை இறக்கி, சிரித்த முகத்தோடு கேட்டார்:

"வோ ஸ்கல் ஈ ஹென்?"

எங்கே போகிறீர்கள்? வாகனத்தை நிறுத்துகிறவர் வேறு எதைத்தான் கேட்பார்? நித்தியானந்தன் பதில் சொல்ல வாயெடுத்தபோது, கனகசபை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"கேட்டுப்போட்டாள், தம்பி!"

"என்ன கேட்டவ?"

"எங்க எண்டு கேட்டுப்போட்டாள். வெளிக்கிடேக்க எங்க போறியள் எண்டு கேட்டால் போற காரியம் உருப்படுமோ? ஊரிலயெண்டால் 'தூரவோ' எண்டுதான் கேப்பினம். நடவும் வீட்டை. தண்ணி குடிச்சு, கொஞ்சம் இருந்திட்டுத்தான் திரும்ப வெளிக்கிடவேணும்."

"அண்ணை, டேனிஷ் படிக்கிற பள்ளிக்கூடத்தில ரீச்சர் ஒரு கிழமையா இந்த வசனத்தைத்தானே சொல்லித் தந்தவ. நீங்கள் எல்லாருக்கும் மேலால சத்தம் போட்டுச் சொன்னியளே."

"அது பாடம். இது பயணம்."

நித்தியானந்தனுக்குச் சகுனத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் சொந்தக் கலியாணத்தில் சோதித்துப் பார்க்கத் துணிவும் இல்லை. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். கனகசபை தண்ணீர் குடித்தார். சற்று உட்கார்ந்தார்.

"வந்தனாங்கள்தானே. அந்த மா புளிச்சுக் கிடக்குது. ரெண்டு தோசை சுடுமன்."

சுட்டான். ஐந்து தோசை போயின.

இரண்டாம் முறை புறப்படுமுன் நித்தியானந்தன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஊர்ப்பெயரை அட்டையில் எழுதிப் பிடித்தால் யாரும் ஏன் கேட்கப் போகிறார்கள்? வாழைப்பழப் பெட்டியைக் கிழித்து, தடித்த பேனையால் எழுதத் தொடங்கியவனைக் கனகசபை விலக்கினார்.

"கொண்டாரும் இஞ்சை. உப்பிடி எழுதினால் தூரத்தில நிக்கிறவனுக்குத் தெரியுமோ?"

நடுவில் பெரிய எழுத்தில் பிளென்ஸ்பேர்க். கீழே சின்ன எழுத்தில் கோல்டிங், ஒபன்ரோ வழியாக. எழுத்தெல்லாம் அச்சில் வார்த்ததுபோல இருந்தது. நித்தியானந்தன் அசந்துபோனான்.

பத்தே காலுக்குப் பால் வண்டி ஒன்று நின்றது. சாரதி அட்டையை வாசித்தான். தலையை ஆட்டினான். நித்தியானந்தன் கதவுப்பிடியில் கையை வைத்துவிட்டான்.

"பிளென்ஸ்பேர்க்கில் எங்கே போகிறீர்கள்?" என்றான் சாரதி.

"நடவும் வீட்டை" என்றார் கனகசபை.

மறுபடி தண்ணீர். மறுபடி தோசை. இந்த முறை சம்பலும் கேட்டார். மணி பதினொன்றேகால்.

"அண்ணை, நான் வேணுமெண்டால் தனியப் போறன்."

"போம். பெரியாள் இல்லாமல் போய் நிண்டால் அந்தத் தாய் என்ன சொல்லுவா? இவனுக்கு ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ எண்டு கேப்பா. உமக்காகத்தான் நான் இந்த வெயிலுக்க நடக்கிறன்."

அது உண்மைதான் என்று பட்டது. நித்தியானந்தனுக்கு நெகிழ்ந்தும் போயிற்று. குளியலறைப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்துவந்தான்.

"காதுக்க வையுங்கோ. அவங்கள் என்னத்தையும் கேக்கட்டும், உங்களுக்குக் கேக்காது. கேக்காதது சகுனமோ?"

கனகசபை யோசித்தார். பஞ்சை உருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டார்.

பன்னிரண்டேகாலுக்கு ஒரு தச்சனின் வான் நின்றது. வழக்கமான கேள்வி வந்தது. நித்தியானந்தன் பதில் சொன்னான். கனகசபை அசையாமல் நின்றார். வெற்றி! இருவரும் ஏறினார்கள். கதவைச் சாத்தியதும் கனகசபை கையை வெளியே விட்டு வானின் பக்கத்தில் பட் பட்டென்று இரண்டு தட்டுத் தட்டினார். தச்சனும் ஏனோ உடனே வண்டியை எடுத்தான்.

மூன்று கிலோமீற்றர் ஓடியது. தச்சன் நல்ல மனிதன். கதவோரம் இருந்த வயதானவர் ஒன்றும் பேசாமல் வருவது அவனுக்குச் சங்கடமாக இருந்தது. காதில் பஞ்சைக் கண்டான். பாவம், செவிடர் என்று நினைத்தான். அந்தப் பக்கம் சரிந்து, வான் அதிரும்படி கத்தினான்:

"நீங்களும்! எங்கே! போகிறீர்கள்!"

"நிப்பாட்டு!" என்றார் கனகசபை, தமிழில்.

மூன்று கிலோமீற்றர் வெயிலில் நடந்து வீடு வந்தபோது மணி ஒன்றரை. தண்ணீர் குடித்துச் சற்று இருந்துவிட்டு, "மா இன்னும் கிடக்கோ?" என்றார் கனகசபை.

நித்தியானந்தன் தோசை சுட்டுக்கொண்டே யோசித்தான். அவசரத்தில் மாக்கரண்டி கைதவறி அவனுடைய ஒரே வெள்ளைச் சட்டையில் விழுந்தது. துடைக்க நேரமில்லை. அட்டையின் மறுபக்கத்தில், அகராதியைப் பார்த்து, டேனிஷில் எழுதினான்: "தயவுசெய்து எங்கே போகிறோம் என்று கேட்காதீர்கள்."

இரண்டு மணியிலிருந்து அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வந்த வாகனங்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்தன, வாசித்தன, பிறகு வேகத்தைக் கூட்டின. ஒரு கிழவி கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டினாள்.

இரண்டு நாற்பதுக்கு ஒரு கார் நின்றது. அதன் கூரையில் நீல விளக்கு இருந்தது.

உயரமான பொலிஸ்காரர் இறங்கி அட்டையை இரண்டு தரம் வாசித்தார். "மூன்று பேர் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள்" என்றார். "மன்னிக்கவேண்டும், இது என் வேலை. எங்கே போகிறீர்கள்?"

கனகசபை வீட்டுப் பக்கம் திரும்பினார். நித்தியானந்தனுக்கு அழுகை வந்துவிட்டது. தனக்குத் தெரிந்த டேனிஷ் முழுவதையும் கொட்டினான். மனோரஞ்சிதம், ஐந்து மணி, பாரிஸ் கடைக்காரர், சகுனம், தண்ணீர், தோசை. பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"தண்ணீர் குடித்தால் சரியாகிவிடுமா?"

"சற்று உட்காரவும் வேண்டும்."

பொலிஸ்காரர் தன் போத்தலை எடுத்து நீட்டினார். கனகசபை குடிக்கத்தான் வேண்டியிருந்தது. பிறகு பொலிஸ்காரர் பின் இருக்கையின் கதவைத் திறந்தார். "இதில் உட்காரட்டும். எல்லையில் பிடிபட்ட ஒருவனை ஏற்றிவர நான் பட்போவுக்குத்தான் போகிறேன். போகும்போது பின்பக்கம் சும்மாதான் கிடக்கும்."

கோல்டிங் வரும்வரை கனகசபை கதவுப்பிடியைத் தேடிக்கொண்டிருந்தார். பொலிஸ் காரின் பின்கதவை உள்ளிருந்து திறக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாது.

"தம்பி, ராகுகாலம் வரப்போகுது..."

"அது காலமையே முடிஞ்சுது, அண்ணை."

"வயித்தைப் பிரட்டுது..."

"பதினாறு தோசை, அண்ணை."

எல்லையில் ஜெர்மன் அதிகாரி அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகங்களை வாங்கிக் கேள்வி கேட்க வாயைத் திறந்தார். டேனிஷ் பொலிஸ்காரர் உதட்டில் விரலை வைத்து, அட்டையைக் காட்டினார். அதிகாரி தோளைக் குலுக்கி முத்திரையைக் குத்தினார்.

அங்கிருந்து நகரப் பேருந்து. நெரிசல். வளைவுகளில் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கனகசபை மட்டும் எதையும் பிடிக்காமல், நட்டுவைத்த கம்பம்போல நின்றார். நித்தியானந்தன் மணிக்கூட்டைப் பார்த்தபடி வந்ததில் அதைக் கவனிக்கவில்லை.

பாலசிங்கத்தின் வீட்டு வாசலுக்கு ஓடி வந்தபோது ஐந்துக்கு ஐந்து நிமிடம். பச்சைக் கார் ஒன்றின் கூரையில் பெட்டிகளைக் கட்டி முடித்து, தாடிக்காரச் சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். திறந்த கதவுக்குள் மடியில் பையோடு மனோரஞ்சிதம் இருந்தாள். பாலசிங்கம் அனுப்பியிருந்த புகைப்படத்தில் இருந்ததைவிட அவளுக்குக் கோபம் அதிகமாக இருந்தது. சேலைக்கு மேலே தடித்த கோட்டோடு நின்றவர் தாய் சரோஜினிதேவி. யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தவர் என்பது கை கட்டி நின்ற விதத்திலேயே தெரிந்தது.

அவரைக் கண்டதும் கனகசபை அட்டையை உயர்த்தி முகத்தை மறைத்தார். "வெயில்" என்றார்.

"நாலு மணிக்கெல்லோ வரச் சொன்னது, தம்பி?" என்றார் சரோஜினிதேவி. "இதென்ன சட்டையில?"

"தோசை மா, அம்மா. காலமையிலயிருந்து மூண்டு தரம் சுட்டனான்."

"ஆருக்கு?"

"அண்ணைக்கு."

"அப்ப உங்கட வீட்டில சமைக்கிறது ஆர்?"

"நான்தான். ரெண்டு வருசமா. கலியாணம் முடிச்சால் வேற வீட்டை போயிடுவன். பிறகு அண்ணை என்ன செய்வாரோ தெரியாது."

காருக்குள் இருந்து குரல் வந்தது. "உப்புச் சரியாப் போடுவியளோ?"

"தூக்கல் எண்டுதான் அண்ணை சொல்லுறவர்."

"சொல்லிப்போட்டு மிச்சம் விடுவாரோ?"

"இல்லை. இன்னும் ரெண்டு கேப்பார்."

மனோரஞ்சிதம் சிரித்தாள். பையை இருக்கையில் வைத்துவிட்டுக் காலை வெளியே எடுத்து வைத்தாள். தாய் மகளைப் பார்த்தார், சட்டையில் இருந்த மாவைப் பார்த்தார், சாரதியைப் பார்த்தார்.

"பாலா, பெட்டியளை இறக்கு. பிறகு பாரிசுக்கு ரெலிபோன் எடுப்பம்."

தாடிக்காரன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தான். நித்தியானந்தனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சரோஜினிதேவி அட்டையின் பக்கம் திரும்பினார்.

"அதுசரி, பெரியவர் ஏன் பிள்ளையை இவ்வளவு நேரம் பிந்தவிட்டனீங்கள்?"

அட்டைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "என்ன செய்யிறது, பிள்ளை? சகுனப் பிழை. வெளிக்கிடேக்க எங்க போறியள் எண்டு கேட்டுப்போட்டாங்கள். ஒருக்கா இல்லை, நாலு தரம். அந்தக் கேள்வி காதில விழுந்தால் எனக்குக் கால் நகராது. பிறந்த நாளிலயிருந்து அப்பிடித்தான்."

சரோஜினிதேவி தலையைச் சரித்து அந்தக் குரலைக் கேட்டார். பிறகு இரண்டு விரலால் அட்டையை மெல்லக் கீழே இறக்கினார்.

"தம்பி, நெல்லியடிச் சந்தியில காலமை ஆறு மணி பஸ் ஏறுற எங்கள் எல்லாரையும் பதினெட்டு வருசமா ஒருத்தர் விடாமல் 'எங்க போறியள், எங்க போறியள்' எண்டு கேட்டு ரிக்கற் கிழிச்ச கொண்டக்ரர் இந்த மனுசன்தான்!"