ஏலக்காரம்மாவின் சீனித் தடை

திண்டுக்கல் பூச்சந்தையில் பூ ஏலம் விடும் ஏலக்காரம்மாவைப் பற்றி உலவும் கதைகளில் பாதி, கேட்டவர் கூட்டியவை. அவர் குரலுக்கு அஞ்சிச் செம்பட்டியிலிருந்து வரும் அரும்புகள் வழியிலேயே மலர்ந்துவிடும் என்பதை நான் எழுதப்போவதில்லை. சந்தைத் தேநீர்க்கடையில் நின்று கண்டதும், அவரே வாய்விட்டுச் சொன்னதும் மட்டுமே இங்கு இடம்பெறும். அவ்வரம்புக்குள் நின்றே உறுதியாகக் கூறுவேன்: சர்க்கரையை அவரைப் போல் இழிவுபடுத்தியவர் இம்மாவட்டத்தில் பிறிதொருவர் இல்லை.

தமக்கிருந்த நீரிழிவை அவர் நோயாக மதித்ததேயில்லை. கடைவாசலை மறித்து நிற்கும் வண்டியாகவே கருதித் திட்டினார். தேநீர் மாஸ்டருக்கு நிரந்தர உத்தரவு ஒன்று இருந்தது.

“ஏலே அப்பு, எனக்குச் சீனி போடாத. நானே கேட்டாலும் போடாத. இன்னைக்கு ஒருநாத்தான்னு கெஞ்சுவேன், அப்பயும் போடாத.”

திருமண வீட்டார் ஒருவர் அன்போடு லட்டு நீட்டினார். “மாலை வாங்க வந்தீகளா, எனக்குப் போட வந்தீகளா?” என்று ஏலக்காரம்மா கேட்டார். லட்டு பைக்குத் திரும்பியது.

ஆண்டுகள் பல கடந்தபின் மாத்திரை போதாதென்று மருத்துவரம்மா இன்சுலின் எழுதினார்.

“நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?”

“உங்க தப்பு இல்லம்மா. நாளானா கணையம் களைச்சுப்போகும்.”

“வேலையாளு களைச்சா வேற ஆளு போடமாட்டமா? குத்துங்க.”

மறுநாள்முதல் பூக்குவியல்களுக்கு நடுவே அமர்ந்து ஊசி போட்டுக்கொண்டார். மறைவாகப் போகலாமே என்றவரிடம், “ஒளியிறதுக்கு நான் என்ன களவாண்டனா?” என்றார்.

பிறகு ஒரு முகூர்த்த நாள். ஊசி போட்டாயிற்று, இட்லிப் பொட்டலம் பிரிக்கப்படவில்லை. மல்லிகை விலை ஏறிக்கொண்டே போனது. திடீரென அவர் சொன்ன விலையையே மறுபடி சொன்னார். அடுத்து அதைக் குறைத்தும் சொன்னார். அவர் விலை குறைத்துச் சந்தை கண்டதில்லை. முகமெல்லாம் வியர்வை, கைகள் நடுங்கின. தள்ளாடித் தேநீர்க்கடைக்கு வந்தார்.

“சீனி குடுடா.”

“நீங்கதானக்கா கேட்டாலும் குடுக்காதன்னீக.”

“இது வேறடா.”

“இப்புடித்தான் கெஞ்சுவேன்னும் சொன்னீகள்ல.”

பூக்கட்டும் பெண்கள் மாஸ்டரின் உறுதியைப் பாராட்டினர். “விட்றாத தம்பி, சுகரு ஏறிப்போயிரும்,” என்றாள் ஒருத்தி. இன்சுலின் வந்தபின் சர்க்கரை தாழ்ந்தும் ஆளைச் சாய்க்கும் என்பதை அங்கிருந்த நாங்கள் எவரும் அறியோம்.

ஏலக்காரம்மா வாதத்தைக் கைவிட்டார். மேசைமீது சாய்ந்து சீனி டப்பாவுக்குள் கையை விட்டு, ஒரு பிடியை வாயில் கொட்டிக்கொண்டார். உதடெல்லாம் வெண்மை. பூமூட்டையில் சரிந்து அமர்ந்தபோதும் எங்களை முறைப்பதை நிறுத்தவில்லை. சற்று நேரத்தில் கண் தெளிந்தது, குரலும் வந்தது.

“எம் பேச்ச ஊரே கேக்குது. எனக்குத்தான் கேக்கக் குடுத்துவைக்கல.”

மறுநாள், மருத்துவரைக் கண்டு திரும்பியவர் உத்தரவைத் திருத்தினார்.

“வேர்த்து நடுங்கிக்கிட்டு வந்தா, கேக்காமயே குடு. தெம்பா வந்து கேட்டா வெரட்டு.”

“சித்திரையில எல்லாருக்குந்தானக்கா வேர்க்கும்?”

“அப்பக் கையப் பாரு.”

இப்போதெல்லாம் ஊசி போட்டபின் இட்லி. இட்லிக்குப் பின்பே ஏலம். மல்லிகை வாடினாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

அவருடைய இயற்பெயர் எனக்குத் தெரியாது. அவர் உடம்பில் அடுத்து எது மாறும் என்பதும் தெரியாது. பேருந்து தவறினாலும் சரி, காலையில் அந்தக் குரலைக் கேட்டபின்பே நான் சந்தையைக் கடக்கிறேன்.