விளைமீன் குழம்பும் ஒரு விசாரணையும்

மில்லர்புரம், தூத்துக்குடி.

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை நேசக்குமாருக்கு அத்தான் தேவபிரசாதம் எழுதுவது. இங்கே நான் சுகம். பிரஷர் மட்டும் கொஞ்சம் கூடுதல். பெங்களூரில் நீயும் ஈவாஞ்சலினும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். "மீன் கம்பெனியோட என்ன சண்டை அத்தான்?" என்று போனில் கேட்டாய். நான் தொண்டையைச் செருமுவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

போன வாரம் கடையில் பொட்டலம் போட்ட விளைமீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். உன் அக்கா வைத்த விளைமீன் குழம்பு எனக்குத் தெரியாதா? இது அது இல்லை. விளைமீன் என்று பேர் ஒட்டிப் பாறை மீனை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கொதித்துப்போய், பொட்டலத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். திட்டிவிட்டு வைக்கத்தான் நினைத்தேன், அவர்களோ பதறிப்போய் சந்தனச்செல்வி என்று தரம் பார்க்கிற பெண்ணை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அவள் பொட்டலத்தின் மேலிருந்த கறுப்புக் கட்டத்தில் செல்போனைக் காட்டினாள், மீனின் ஜாதகமே வந்துவிட்டது: புன்னைக்காயல் கஸ்பாருடைய வள்ளம், வலை போட்ட கடல், ஐஸ் வைத்த இடம், வந்த வண்டி, எல்லாம். போன மாதம் நான் காய்ச்சலில் கிடந்தது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது மாப்பிள்ளை.

மறுநாள் கஸ்பாரே வாசலில் வந்து நின்றார். "அண்ணாச்சி, ஒங்க புகாரு முடியுற வரைக்கும் எம் மீன எடுக்க மாட்டோம்னுட்டாங்க. மாதா மேல சத்தியமா வெளமீனுதான் குடுத்தேன்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செல்வியையும் வரவழைத்து, பிரிட்ஜில் மிச்சமிருந்த துண்டுகளை அவர்கள் கண்முன்னாலேயே குழம்பு வைத்து, இரண்டு பேருக்கும் சோறு போட்டு நானும் உட்கார்ந்தேன். இந்த வீட்டில் மூன்று தட்டு ஒன்றாய் எடுத்து எத்தனை காலமாயிற்று! செல்வி ஒரு வாய் வைத்ததும் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தாள்.

"மீனு வெளமீனுதான் அண்ணாச்சி. கொழம்புதான்..." என்று கஸ்பார் இழுத்தார். "வீட்டுல மதினி இல்லியா?"

"இல்ல. போயி ரெண்டாவது கிறிஸ்மஸ் வருது."

அவர் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டார்.

"புகார வாபஸ் வாங்கிக்கிடுதேன்ம்மா" என்றேன்.

"காரணம் என்னன்னு போட, சார்?"

"சமைக்கிற ஆளு மாறிட்டுன்னு போடு."

அப்படியே போட்டாள். மறுநாளே கஸ்பாரின் மீனை எடுத்துக்கொண்டார்களாம்.

ஆகவே கவலை வேண்டாம். வேலையுள்ள ஜனங்களை வீணாக அலைக்கழிப்பது பாவம். இனி அந்தக் கம்பெனி இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்கமாட்டேன். ஈவாஞ்சலினுக்கு என் ஆசீர்வாதம். ஆண்டவர் உங்கள் இருவரையும் ஒரு குறைவுமில்லாமல் நடத்துவாராக.

அன்புள்ள அத்தான்,
தேவபிரசாதம்

பி.கு.: இன்று அதே கடையில் அதே கம்பெனிப் பொட்டலத்தில் றால் வாங்கினேன். நல்ல றால்தான். இருந்தாலும், ஒன்றுக்காவது தலையைக் காணோமே என்று அந்த நம்பருக்குச் சொல்லியிருக்கிறேன். கஸ்பார் பிடித்ததில்லை, கறுப்புக் கட்டத்தில் பார்த்துக்கொண்டேன். நாளைக்கு வருகிறார்களாம்.