கெடு சார் கண்ட ஓட்டை

குலசேகரத்தில் கெடு சாரைக் கண்டு நடுங்காத பூட்டு கிடையாது.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருடங்கள். நான் ஒரு ரப்பர் ஷீட் குடோனில் பகல் காவல். பக்கத்து வீட்டு மாடி அறையில் அவர் வாடகைக்கு இருந்தார். வெளிநாட்டுக் கம்பெனி வேலையை இங்கிருந்தே செய்தார். என்ன வேலை என்று கேட்டேன். கம்ப்யூட்டருக்கு அடியில் கெர்னல் என்று ஒன்று உண்டாம். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. அதில் ஓட்டை இருந்தால் கள்ளனுக்கு முழு வீடும் சொந்தம். இவர் ஓட்டையைக் கண்டுபிடித்துத் தைக்கிறார். எனக்கு அவ்வளவு விளக்கம் போதும்.

செய்யும் முறைதான் கோளாறு. கண்ட எழுத்தையும் எண்ணையும் குப்பை மாதிரி நாள் முழுக்கக் கெர்னலுக்குள் அள்ளி எறிவார். கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடினால் முகம் வாடிவிடும். செத்து விழுந்தால் கைதட்டுவார். கீழே வந்து எல்லாருக்கும் சாயா வாங்கித் தருவார். பிறகு அது ஏன் செத்தது என்று நாள்கணக்கில் தேடுவார். கடைசியில் ஒரே ஒரு வரி எழுதுவார்.

"இதுக்கா சாரே இவ்வளவு பாடு?"

"சின்னத் தையல்தான் அண்ணே நிக்கும்."

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம். ஓட்டையைக் கண்டவுடன் ஊரில் சொல்லக் கூடாது, கள்ளனுக்கும் கேட்கும். உடையவரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி ஒரு கெடு வைக்க வேண்டும். கெடு முடிந்தால், தைத்தாலும் தைக்காவிட்டாலும், உலகத்துக்கே சொல்லிவிடலாம். அந்தப் பயத்தில்தான் சோம்பேறிகள் தைப்பார்களாம். அவருக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

கெர்னலோடு நிறுத்தியிருக்கலாம்.

சாயாக்கடையின் பின்கதவை ஓர் ஈர்க்கிலால் திறந்து காட்டினார். மாற்றச் சொல்லிக் கெடு வைத்தார். கடைக்காரர் சிரித்தார். கெடு முடிந்த அன்று அதே கடையில், கடைக்காரர் போட்ட சாயாவைக் குடித்துக்கொண்டே, கெடு சார் எல்லாருக்கும் சொன்னார். மறுநாள் புதுத் தாழ்ப்பாள். போதகரின் பைக்கை எந்தச் சாவியும் திறக்கும் என்று கண்டார். கர்த்தர் காப்பார் என்றார் போதகர். கர்த்தர் காத்தார். ஆனால் கெடு முடிந்த ஞாயிறு, சபையார் ஆளுக்கொரு சாவியோடு வந்து சோதித்துப் பார்த்தார்கள்.

பிறகு எங்கள் குடோன்.

அதில் கக்கூஸ் கிடையாது. வயிறு கூப்பிட்டால் பின்னாலுள்ள ரப்பர் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். பூட்டிவிட்டுப் போகச் சாவியும் என்னிடம் இல்லை. அது முதலாளி இடுப்பில். ஒரு நாள் போய்த் திரும்பினேன். கெடு சார் நாலு ஷீட்டைத் துண்டு மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"களவு போச்சு அண்ணே."

வெளியே சொன்னால் என் வேலை போகும், வீட்டில் அடுப்பு எரியாது என்றேன்.

"குடோன் உங்களுக்குள்ளதா?"

"இல்ல சாரே."

"அப்ப ஓட்டையும் உங்களுக்குள்ளது இல்ல. உடையவருகிட்ட பேசிக்கிடுதேன்."

போய்ப் பேசினார். கக்கூஸ் கட்டச் சொல்லிக் கெடு வைத்தார். முதலாளி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டு, வயிற்றை அடக்கிக்கொள்ளச் சொன்னார். கெடு முடியும்வரை பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் தோட்டத்துக்குப் போகும் தேவையும் வரவில்லை.

அந்த நாள் வந்தது. சாயாக்கடை நிறைய ஆள். முதலாளியும் இருந்தார். கெடு சார் எழுந்து, குடோன் எப்போது திறந்து கிடக்கும், ஏன், எவ்வளவு நேரம் என்று நிதானமாகச் சொன்னார். என் வயிற்றின் வழக்கம் ஊர் முழுக்கத் தெரிந்தது.

முதலாளி கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப இன்னைக்கே ஆளை மாத்துகேன்."

"மாத்துங்க முதலாளி. புது ஆளுக்கு வயிறு கிடையாதா?"

கடை சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. ரப்பருக்கு நல்ல விலை இருந்த நேரம். ஊரறிந்த ஓட்டையை வைத்துக்கொண்டு அவர் எப்படித் தூங்குவார்? மறுநாள் செங்கல் வந்து இறங்கியது. என் வேலை தப்பியது.

புதுக் கக்கூஸுக்குக் கதவு மாட்டிய அன்று நான் உள்ளே இருந்தேன். தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தேன். கதவு மெல்லத் திறந்தது. கெடு சார். கையில் ஒரு ஸ்கேல்.

"அண்ணே, இதுலயும் ஒண்ணு உண்டு" என்றார். சாத்திவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவரே ஒரு கொக்கி வாங்கி வந்து அடித்துத் தந்தார். அந்த ஓட்டைக்கு மட்டும் கெடு வைக்கவில்லை. ஊரைவிட்டுப் போகும்வரை யாரிடமும் சொல்லவும் இல்லை.