ஆண்டிச்சாமி செய்த நிலப் பரிவர்த்தனை

மனைவிக்காக ஒரு மாபெரும் தியாகம் செய்துவிடுவது என்று ஆண்டிச்சாமி தீர்மானித்தார். அந்தத் தியாகத்தில் தமக்கு என்ன லாபம் என்பதையும் முன்னதாகவே யோசித்து வைத்திருந்தார்.

குஜிலியம்பாறைக்குக் கிழக்கே, தார்ச்சாலையை ஒட்டி, அவருக்குச் சொந்தமான கிணற்று மேடு இருந்தது. குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்த நிலம்தான். அதற்கு அப்பால், கருப்பம்மாளுக்கு அவள் தகப்பனார் சீதனமாக எழுதிக் கொடுத்த கரடு. பாறையும் காற்றும் தவிர அங்கே வேறு விளைச்சல் கிடையாது. பத்து ஆடுகள் மேய்ந்தால் பதினோராவது ஆடு பட்டினி கிடக்க வேண்டும். "உங்கப்பன் எனக்குக் குடுத்தது கல்லும் காத்தும்" என்று ஆண்டிச்சாமி சொல்லிக்காட்டாத பண்டிகை இல்லை.

வேன் ஒன்று வாங்கி வாடகைக்கு விட்டு, அதன் முன்னிருக்கையில் தாம் கம்பீரமாக அமர்ந்து திண்டுக்கல் வீதிகளில் பவனி வரவேண்டும் என்பது அவரது நெடுநாளைய கனவு. அதற்காகக் கிணற்று மேட்டை விற்கத் துடித்தார். கருப்பம்மாள் கெஞ்சினாள், பட்டினி கிடந்தாள், அண்ணன்மாரை அழைத்து வருவதாக மிரட்டினாள். விற்பனை தள்ளிப்போயிற்றே தவிர, ஆசை தணியவில்லை.

இந்நிலையில், இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆடி மாதத்தில், டீக்கடையில் ஒரு செய்தி அவர் செவியில் விழுந்தது. நாகல் நகரிலிருந்து வந்திருந்த கிளெமென்ட் என்ற இளைஞர், காற்றாலை கம்பெனி ஒன்றின் அலுவலர், அடுத்த பெஞ்சில் இருந்தபடி கடைக்காரரிடம் உரத்த குரலில் சொன்னார்:

"அந்தக் கரட்டு மேல அடிக்கிற காத்து மாதிரி வேற எங்கயும் இல்லண்ணே. காத்தாடி வச்சா அங்கதான். விலைக்குக் குடுத்தாலும் சரி, குத்தகைக்குக் குடுத்தாலும் சரி."

ஆண்டிச்சாமிக்குத் தேநீர் புரையேறியது. காற்றுக்கு விலையா! ஆனால் கரடு இருப்பது மனைவி பேரில். அவள் விற்கச் சம்மதிக்கமாட்டாள். அதுவே தம் பேரில் இருந்தால்? தியாக எண்ணம் உதித்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்தார்.

"ஏ கருப்பு, செத்த நேரம் இங்கன வந்து உக்காரு."

"வெஞ்சனம் அடுப்புல கெடக்கு. அங்கனயே நின்னு சொல்லுங்க."

"உன்னைய நெனச்சா எனக்குக் கண்ணு கலங்குது."

"வெங்காயம் உரிக்கிற எடத்துல நின்னா கலங்கத்தான் செய்யும். தள்ளி நில்லுங்க."

"வெளையாடாத புள்ள. ஒனக்குன்னு ஒரு நல்ல நெலம் உண்டா? அந்தக் கரட்டை எம்பேருக்கு மாத்திக் குடு. கெணத்து மேட்டை ஒம்பேருக்கு எழுதுறேன்."

"அப்ப வேன்?"

"வேன் கெடக்குது கழுதை! ஒன்னையவிட வேன் பெருசா?"

"நல்ல நெலத்தைக் குடுத்துக் கல்லை வாங்குனா ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். பொண்டாட்டிக்காகச் சிரிப்புக்கு ஆளாகக் குடுத்து வச்சிருக்கணும்."

"பெறகு வருத்தப்படக் கூடாது."

"நானா?"

கருப்பம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. ஆனந்தக் கண்ணீர் என்று ஆண்டிச்சாமி பெருமிதம் கொண்டார்.

அந்த வாரமே பரிவர்த்தனைப் பத்திரம் பதிவாயிற்று. மை காய்வதற்குள் கிளெமென்ட்டைக் கரட்டின் உச்சிக்கு அழைத்துச் சென்றார் ஆண்டிச்சாமி. காற்று அவர் தோளிலிருந்த துண்டைப் பறித்துக்கொண்டு போயிற்று. விலை ஏறும் என்ற மகிழ்ச்சியில் அதை அவர் தேடவே இல்லை.

"கிரயமா, குத்தகையாங்க ஐயா?"

"கிரயம். மொத்தமாக் கையில வச்சிருங்க."

"சந்தோசம். வழி?"

"எந்த வழி?"

"காத்தாடி எறக்கையை லாரியில ஏத்திட்டு வர்ற வழிங்க. ஒவ்வொண்ணும் ரெண்டு பஸ் நீளம். வடக்க ஓடை. தெக்கயும் கெழக்கயும் வனத்துறை எடம். மேக்க, தார்ச்சாலையில இருந்து திரும்புனாத்தான் உண்டு."

ஆண்டிச்சாமி மேற்கே பார்த்தார். ஆடு ஏறி இறங்குகிற கரட்டுக்கு லாரி வரவேண்டியிருக்கும் என்று அவர் கனவிலும் கருதியதில்லை. சாலைக்கும் கரட்டுக்கும் நடுவே கிடந்தது, அவர் எழுதிக் கொடுத்த கிணற்று மேடு; அதன் வரப்பில் கருப்பம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மகளிர் குழு முழுவதும் காலிக் குடங்களோடு நின்றது.

இறங்கி ஓடினார்.

"ஆத்தா கருப்பு, கொஞ்சம் வழி விடு."

"விடுறேன். கரட்டை விக்கக் கூடாது. வருசக் குத்தகைதான்." பிறகு கிளெமென்ட் பக்கம் திரும்பினாள். "தம்பி, காவல் வேலை, துப்புரவு வேலை ரெண்டும் நம்ம ஊர் ஆளுகளுக்கு. வருசா வருசம் ஒரு பங்கு ஊர்த் தண்ணித் தொட்டிக்கு. அம்புட்டும் ஊர்க் காத்து. எங்க வீட்டுக்காரர் வாயால ஊதுனதில்ல."

"குழுக் கூட்டத்துல பேசுனதுதானம்மா? எங்க மேலிடத்துல சரின்னுட்டாங்க."

ஆண்டிச்சாமி திடுக்கிட்டார். "கூட்டமா? என்னைக்கி?"

"போன மாசம் ஐயா," என்றார் கிளெமென்ட் வெள்ளந்தியாக. "டீக்கடையில உங்க காதுல விழுற மாதிரி சத்தமாப் பேசச் சொன்னதே அம்மாதானே? நீங்க வர்ற வரைக்கும் டீயாக் குடிச்சு எனக்கு அன்னைக்கி ராத்திரி தூக்கமே இல்ல."

"அடிப்பாவி! கெணத்து மேடு வேணும்னு கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனே!"

"விக்காதீகன்னு கேட்டதுக்கே ஏழு நாள் பேசல நீங்க. எழுதிக் குடுங்கன்னு கேட்டிருந்தா வீட்டை விட்டே போயிருப்பீக."

குழுப் பெண்கள் சிரித்தார்கள். ஆண்டிச்சாமி சினந்து பார்த்தார். ஆனால் பார்வை குடங்களின் மேலும், அவற்றைச் சுமந்து நின்றவர்களின் கால்களின் மேலும் விழுந்தது. குடிதண்ணீருக்காகத் தினமும் ஓடை தாண்டி நடக்கிற கால்கள் அவை. அவற்றுள் கருப்பம்மாளின் கால்களும் உண்டு. கிரயம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க அவருக்கு வாய் வரவில்லை. வருடக் குத்தகைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்.

திரும்பி நடக்கையில் மெதுவாகக் கேட்டார்.

"ஏ கருப்பு, குத்தகைப் பணம் எம்பேர்லதான வரும்?"

"உங்க பேர்லதான். யாரு இல்லைன்னா?"

"கொஞ்சங் கொஞ்சமாச் சேத்து வச்சா, அந்த வேன்..."

"வேன் எதுக்குங்க? திண்டுக்கல் பஸ்ல டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டுல போய் உக்காருங்க. முன்னாடி உக்காந்த மாதிரியும் ஆச்சு, டீசலும் அவுக செலவு."