பார்முலா அண்ணன் டயர் மாட்டிய வேகம்

தன் வேலைக்குத் தானே வேட்டு வைத்துக்கொள்ளும் முட்டாள்களுக்குப் போட்டி நடத்தினால், ஒரகடம் சாலையில் முதல் பரிசு எனக்குத்தான். அதுவும் கைதட்டல் வாங்கிக்கொண்டே வைத்தவன் நான். இரண்டாம் பரிசு பார்முலா அண்ணனுக்கு. உலகத்தில் அத்தனை பேரும் கார் ரேஸ் பார்ப்பதை நிறுத்திவிட்டாலும், இவர் ஒருவருக்காகவே அதை நடத்தியாக வேண்டும்.

மணிமங்கலத்துக்காரர். கார் தொழிற்சாலையில் டயர் மாட்டும் இடத்தில் நாங்கள் நான்கு பேர், எல்லோரும் கான்ட்ராக்ட். நகர்ந்து வரும் காருக்கு இடது பக்கம் அவரும் இன்னொருவனும், வலது பக்கம் நானும் இன்னொருவனும். டீ பிரேக்கில் ஒரே வழக்குதான்: பார்முலா ஒன் உசத்தியா, பைக் ரேஸ் உசத்தியா? நான் பைக் ரேஸ் கட்சி. திருநெல்வேலியிலிருந்து கிளம்பும்போதே, சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாமல் சேர்ந்த கட்சி.

“இன்னாடா பைக் ரேஸு? ஒரே டயரப் போட்டுகினு கடைசி வரிக்கும் ஓட்டறான். தேஞ்சா அவன் தலையெழுத்து. கார் ரேஸ்ல வண்டி உள்ள வந்தா போதும், இருவது பேர் பாய்ஞ்சி வர்றான். கண்ணு சிமிட்டறதுக்குள்ள நாலு டயரும் மாத்தியாச்சி. அது பர்மனென்ட் வேலைடா. உன்து கான்ட்ராக்ட்!”

“கீழ விழுந்தாலும் தானே எந்திச்சு பைக்கத் தூக்கிட்டு ஓடுதாம்லா, அவன்தாண்ணே வீரன். உங்க ஆளு காதுக்குள்ள ஒருத்தன் ‘இப்ப மிதி, இப்ப விடு’ன்னு சொல்லிட்டே இருக்கான். அதுக்குப் பேசாம நம்ம சூப்பர்வைசரையே ஓட்டச் சொல்லலாம்.”

அமெரிக்காவில் கார்கள் வட்டமாகவே சுற்றும் ரேஸ் ஒன்று இருப்பதாக இடது பக்கத்து இன்னொருவன் ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தான். “லெப்ட்டுல மட்டும் திரும்பறதுக்கு டிரைவர் இன்னாத்துக்கு? செக்குல கட்டி வுடு!” என்றார் அண்ணன். நானும் அவரும் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

வாயால் தீராத வழக்கு ஒருநாள் கைக்கு வந்தது. “வா, லைன்லயே பாத்துக்கலாம்” என்றார். இடது பக்கம் கார் ரேஸ், வலது பக்கம் பைக் ரேஸ். ஷிப்ட் தொடங்கியதும் பாய்ந்தோம். நட்டு முறுக்கும் கன் அலறியது. கார் பாதி தூரம் நகர்வதற்குள் வேலையை முடித்துவிட்டுக் கை கட்டி நின்றோம். அண்ணன் ஒவ்வொரு காரையும் கை வீசி வழியனுப்பினார். பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கையில் டேப்லெட்டோடு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரசிகர் என்று நினைத்து, அவருக்காக நான் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினேன். சிரித்தும் வைத்தேன்.

அவர் வேலை நேரம் அளக்க வந்த என்ஜினியர்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். “நாலு பேர் வேலைய மூணு பேரே செய்யலாம்னு நீங்களே காட்டிட்டீங்க. ரொம்ப தேங்க்ஸ். திங்கக்கிழமைலேர்ந்து ஒருத்தர் வேணாம். கடைசியா சேர்ந்தவர் கார்டைக் குடுத்துடுங்க.”

கடைசியாகச் சேர்ந்தவன் நான். எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் என் முகத்தைப் பார்த்துச் சம்மதிக்கவில்லை, கம்பெனியைப் பார்த்துத்தான் சம்மதித்தார்கள். அன்றைக்கென்று மாமனார் போனில், “கம்பெனி எப்படிப் போகுது மாப்ள?” என்றார். “ரொம்ப வேகமாப் போகுது மாமா” என்றேன். வடக்குப்பட்டில் என்னோடு ஒரே ரூமில் தங்கியிருந்தவர்கள், ஃபேனுக்கு நேர் கீழே இருந்த என் இடம் இனி யாருக்கு என்று பேசத் தொடங்கினார்கள்.

திங்கட்கிழமை கார்டைக் கொடுக்கப் போனேன். அதைக் காட்டியதும் வழக்கம்போல் கேட் திறந்தது. உள்ளே இடது பக்கம் ஒருவன்தான் நின்றான். “‘போட்டிய ஆரம்பிச்சது நான்தான், அந்தப் பையன வுட்டுட்டு என் பேர அடிங்க’ன்னு சொல்லிட்டு உங்க அண்ணன் போயிட்டார்பா” என்றார் சூப்பர்வைசர். அன்றிலிருந்து மூன்று பேரும் அதே வேகத்தில்தான் மாட்டுகிறோம். கைதட்டத்தான் ஆளில்லை. ஷிப்ட் முடிந்தால் என் தோள்பட்டை தனியாகக் கழன்று எனக்கு முன்னால் ரூமுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறது.

அண்ணன் இப்போது படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கல்யாணப் பத்திரிகையோடு போய்ப் பிடித்தேன். நன்றி சொல்ல மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் அவர் முகத்தைப் பார்த்ததும் மறந்துபோனது. “அண்ணே, இனிமே நானும் கார் ரேஸ் கட்சிதாண்ணே” என்று பத்திரிகையை நீட்டினேன்.

“வாணாம்டா, அப்பால நான் யார்கிட்ட சண்ட போடறது?”