நிச்சயதார்த்தத்தில் ஓடிய டென்னிஸ் கேசட்

ஊரில் யாரோடு வேண்டுமானாலும் பகை வைத்துக்கொள்ளலாம். அவர் வீட்டுத் தொட்டிலில் ஆண் குழந்தை ஒன்று கிடந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் அது மீசை முளைத்து, வேலைக்குப் போய், நம் மகளோடு சேர்ந்து நம் முன்னாலேயே வந்து நின்றுவிடும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

நான் உத்தமபாளையத்தில் உரக்கடை வைத்திருக்கும் சூசை. கடைக்கு வந்து போகிறவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு விஷயம் தெரியும். யூரியா இருப்பு இல்லை என்பதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். அப்புறம், நான் இளவயதில் கிளப் டென்னிஸ் சாம்பியன். பொட்டாஷ் கேட்டு வருகிற மனிதர், கடைசி செட்டில் நான் பின்தங்கிக் கிடந்து எப்படி மீண்டு வந்தேன் என்பதைக் கேட்காமல் மூட்டையைத் தூக்க முடியாது. வாழையில் இலை கருகுகிறது, என்ன அடிக்கலாம் என்று கேட்டால் பேக்ஹேண்ட் அடிப்பதைப் பற்றிச் சொல்வேன். (பாவம், அந்த வாழைகள்.) யாராவது நம்பாமல் சிரித்தால் ஒரே பதில்தான். "எல்லாம் கேசட்டுல இருக்குய்யா!"

கேசட்டில் எல்லாம் இருந்தது. அதுதான் பிரச்சினையே.

முப்பது வருடத்துக்கு முன்னால், எங்கள் கிளப்பின் செம்மண் கோர்ட்டில் நடந்த இறுதிப்போட்டி அது. எதிரே நின்றவர் ராயப்பன்பட்டி அருளப்பன், கணக்கு வாத்தியார். கோடு என்றால் அவருக்கு உயிர். கோர்ட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போடும்போதுகூட நூல் பிடித்துப் போடுவார். நான்தான் ஜெயிப்பேன் என்று அன்றைக்கு எனக்கு இருந்த திமிரைச் சொல்லி மாளாது. அந்தத் திமிரில், கல்யாண வீடியோ எடுக்கும் முருகேசனை நானே தேடிப் போய்க் கூட்டி வந்தேன். உலகத்தில் வேறு எந்தத் திருடனாவது கேமராவைக் கையோடு கூட்டிக்கொண்டு போயிருப்பானா?

ஆம், திருட்டுதான். இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்கு அட்வான்டேஜ். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை என் கையில். பக்கவாட்டில் ஓங்கி ஒன்று விட்டேன். பந்து கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி விழுந்தது. அம்பயர் நாற்காலியில் இருந்த ஏலக்காய் வியாபாரி அந்த நேரம் பார்த்து வடைத் தட்டு எங்கே வருகிறது என்று திரும்பியிருந்தார். அருளப்பன் "அவுட்டு! அவுட்டு!" என்று கத்திக்கொண்டே அவரிடம் முறையிடப் போனார். நான் என்ன செய்தேன்? ஜெயித்தவன் போலக் கைகளைத் தூக்கிக்கொண்டு, வலையைத் தாண்டிக் குதித்து ஓடி, பந்து பதிந்த தடத்தின் மேல் போய் நின்றேன். நின்றதோடு விட்டிருக்கலாம். வலது காலால் நைசாக இரண்டு தேய்ப்பும் தேய்த்துவிட்டேன்.

மண் கோர்ட்டில் தடம்தான் சாட்சி. அருளப்பன் அம்பயரைக் கையோடு இழுத்து வந்து குனிந்து குனிந்து தேடினார். தடம் இல்லை. "கோட்டுல பட்டுச்சு, சுண்ணாம்பு பறந்ததை நான் பாத்தேன்" என்று நான் அடித்துச் சொன்னேன். கோப்பை எனக்கு. அன்றோடு அவர் கிளப்புக்கு வருவதை நிறுத்தினார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. முருகேசன் கொடுத்த கேசட்டை நான் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. வீட்டில் கேசட் போட டெக் இல்லை என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் பயம். (ஒவ்வொரு தவக்காலத்திலும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஆனால் பத்துக் கட்டளையில் டென்னிஸ் வராது என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.)

போன வருடத்துக்கு முந்தின வருடம், என் ஒரே மகள் ஜென்சி, "அப்பா, ரூபனைக் கட்டிக்கிறேன்" என்றாள்.

"எந்த ரூபன்?"

"அருளப்பன் சார் மகன்."

எனக்குத் தொண்டையில் சோறு சிக்கிக்கொண்டது. என் மனைவி ஸ்டெல்லா முதுகில் தட்டினாள். தட்டின வேகத்தைப் பார்த்தால் அவளுக்கு ஏற்கெனவே விஷயம் தெரியும் போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அருளப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவை. தடித்த கண்ணாடி போட்டிருந்தார். காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரை மேசையின் விளிம்புக்கு நேராக வைத்தார்.

"நகை வேணாம், சாமான் செட்டு வேணாம். பிள்ளைக ஆசப்பட்டுருக்குதுக, செஞ்சு வைப்போம். எனக்கு ஒரே ஒரு சோலிதான் பாக்கி. அந்தக் கேசட்ட நிச்சயத்தன்னைக்கு எல்லாரும் உக்காந்து பாப்போம். பந்து உள்ள விழுந்திருந்தா, சபை முன்னால உங்க கையப் பிடிச்சு மன்னிப்புக் கேக்குறேன். அப்புறம் தட்டு மாத்துவோம்."

"வெளிய விழுந்திருந்தா?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"அதை அப்பப் பாப்போம் தாயி."

அவர் போனதும் ஜென்சி என் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளினாள். "அப்பாடா! இவ்வளவுதானா? நான் என்னென்னமோ நெனச்சுப் பயந்தேன். நீங்கதான் ஜெயிச்சீகளே!"

அந்த முகத்தைப் பார்த்து என்னத்தைச் சொல்ல? தாலாட்டுக்குப் பதிலாக அந்த மேட்ச் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவள். சொன்னால் மகள் முன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மகளின் கல்யாணம் போகலாம். மூன்று நாள் இதையே புரட்டிப் புரட்டி யோசித்தேன். நான்காவது நாள் கேசட்டைத் தூக்கி முல்லையாற்றில் எறிந்துவிடலாம் என்று பீரோவைத் திறந்தேன். காணோம்.

"தேடாதீக. முருகேசன் அண்ணன்கிட்டக் குடுத்தாச்சு" என்றாள் ஸ்டெல்லா அடுப்படியில் இருந்து.

சரி, இத்தனை வருடத்தில் பூசணம் பிடித்திருக்கும், ஒன்றும் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். முருகேசனே போன் செய்தார். "பூசணம் பிடிச்சுத்தான் கிடந்துச்சு. விட்ருவனா? ரெண்டு நாளா உக்காந்து துடைச்சு பென் டிரைவுல ஏத்திட்டேன். படம் கண்ணாடி மாதிரி இருக்கு!" அவர் தொழில் பக்தியை நான் அன்று சபித்த மாதிரி யாரும் சபித்திருக்க மாட்டார்கள்.

நிச்சயத்தன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்பது பேர். முன்வரிசையில் பங்குச் சாமியார், கையில் கேசரி. நடுவில் பூவும் பழமும் வெற்றிலையும் வைத்த தட்டுகள். சுவரில் டிவி. புதுப் பட்டுச்சேலையில் ஜென்சி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். எனக்குப் புதுச் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

படம் ஓடியது. இரண்டு புறாக்கள் ஓர் இதயத்தைத் தூக்கிக்கொண்டு பறந்து வந்தன. நாதஸ்வரம் முழங்கியது. இதயத்துக்குள் எழுத்து தோன்றியது. 'மணமகன்: சூசை. மணமகள்: அருளப்பன்.'

கூடமே வெடித்துச் சிரித்தது. "ஏன்யா முருகேசா, நான் பொண்ணாய்யா?" என்றார் அருளப்பன்.

"அப்ப எங்கிட்ட இருந்த டைட்டில் அது ஒண்ணுதான் சார்" என்றார் முருகேசன். நிச்சயத்தைப் படம் பிடிக்கவும் அவரேதான் வந்திருந்தார்.

முருகேசனுக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாணம் ஒன்றுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிளப் வாசலில் வந்தவர்களை ஒருத்தர் விடாமல் கும்பிட வைத்து எடுத்திருந்தார். பந்து அங்கும் இங்கும் போகிற சத்தம் மட்டும் கேட்கும், திரையில் யாராவது வடை தின்றுகொண்டிருப்பார்கள். அருளப்பன் பிரமாதமாக ஒரு சர்வீஸ் போட்டதை நான்காகப் பிரித்து, நான்கு அருளப்பனையும் சுற்ற விட்டிருந்தார். இரண்டாவது செட் முழுவதும் பந்தியில் கழிந்தது. எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வந்தது.

கடைசிப் புள்ளியும் வந்தது. கேமரா, போண்டாவைச் சட்னியில் முக்குகிற ஒரு பெரியவர் மேல் இருந்தது. 'டக்' என்று என் மட்டைச் சத்தம். "அவுட்டு! அவுட்டு!" என்று அருளப்பன் குரல். பெரியவர் போண்டாவைக் கடித்தார். பந்தைக் காணவே காணோம்.

"அட்டா! தெரியாமப் போச்சே!" என்று துள்ளி எழுந்தேன் நான். "சரி விடுங்க, ஆண்டவர் சித்தம். தட்ட மாத்துவோமா?"

"உக்காருங்க சூசை, இன்னும் முடியல" என்றார் சாமியார்.

முடியவில்லைதான். கல்யாணப் பெண்ணை எடுக்கும்போது முருகேசனுக்கு ஒரு முறை உண்டு. தலையில் பூவில் தொடங்கி, கழுத்தில் நகை, கையில் வளையல் என்று மெதுவாக இறங்கி, காலில் மெட்டியில் போய் முடிப்பார். கோப்பை வாங்கப் போகிறவன் நான் என்பதால் அந்த மரியாதையை எனக்கும் செய்திருந்தார். திரையில் நான் கைகளைத் தூக்கி நிற்கிறேன். வியர்வை வழியும் முடி. சிரிக்கிற முகம். கழுத்தில் மாதா படம் போட்ட உத்தரியக் கயிறு. இடுப்பு. முழங்கால். அப்புறம் திரை நிறைய என் வலது கால். அது தேய்த்துக்கொண்டிருந்தது. இடமும் வலமுமாக, ஸ்லோ மோஷனில், சுற்றிலும் ரோஜாப்பூ மாலையோடு. முதல் தேய்ப்புக்குக் காலைத் தூக்கிய நொடியில், சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே, பந்தின் தடம் அப்பமாகப் பதிந்து கிடந்தது தெளிவாகத் தெரிந்தது.

சாமியார்தான் முதலில் பேசினார். "இன்னொரு வாட்டி போடு முருகேசா."

இன்னொரு வாட்டி போட்டார்.

ஜென்சி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது. அருளப்பன் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மறுநாளே மதுரைக்குப் போயிக் கண்ணைக் காட்டுனேன்யா" என்றார். "நான் பாத்த பந்து வெளிய. ஆனா தடம் இல்ல. அப்ப எங் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சேன். போர்டுல கோடு போட்டாக்கூட நேராத்தான் இருக்கான்னு பிள்ளைககிட்டக் கேப்பேன். இத்தன வருசமா எங் கண்ண நானே நம்பலய்யா."

கோப்பை போன கோபத்தில் இருக்கிறார், அவ்வளவுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதனிடம் இருந்து எதைத் தேய்த்து அழித்தேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எழுந்து போய் அவர் கையைப் பிடித்தேன். "சார், பந்து அவுட்டு. நல்லாத் தெரியும் எனக்கு. நான்தான் அழிச்சேன். உங்க கண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க, எம் மகள மட்டும் தண்டிச்சுறாதீக." சொல்லும்போதே அழுதுவிட்டேன். வெட்கமாகவும் இருந்தது, கல்லை இறக்கி வைத்தது போலவும் இருந்தது.

அருளப்பன் என்னைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். முருகேசன் நிறுத்தி வைத்திருந்த ரோஜாப்பூ மாலைக்குள் என் கால் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். மனிதர் சிரிக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, உட்கார்ந்து சிரிக்கிறார். "ஆத்தாடி! மெட்டி போடுற காலக் காட்டுற மாதிரில்ல காட்டிருக்கான்!" அவ்வளவுதான், கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. ஜென்சியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

சிரித்து ஓய்ந்ததும் நான் கோப்பையை எடுத்து வந்து நீட்டினேன். "ஜெயிச்சது நீங்கதான், வாங்கிக்கங்க."

கணக்கு வாத்தியார் அல்லவா? தலையை ஆட்டி மறுத்தார். "அது எப்பிடி? அட்வான்டேஜ் உங்களுக்கு. பந்து அவுட்டு. அப்ப ட்யூஸ், ரெண்டு பேரும் சமம். நானும் ஜெயிக்கல, நீங்களும் ஜெயிக்கல. மேட்ச் இன்னும் முடியல, சம்மந்தி."

சம்மந்தி என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் ஸ்டெல்லா ஓடிப்போய்த் தட்டைத் தூக்கிவிட்டாள். மறுபடி யாராவது எதையாவது போட்டுப் பார்ப்பதற்குள் தட்டு மாற்றி முடிந்தது.

மேட்ச் இன்றைக்கும் முடியவில்லை. மாதம் ஒரு தடவை பழைய கோர்ட்டில் தொடர்கிறோம். இரண்டு பேருக்கும் மூட்டுவலி. அவர் அட்வான்டேஜ் எடுப்பார், நான் சமன் செய்வேன், மறுபடி ட்யூஸ். என் பந்து கோட்டில் விழுந்தால்கூட நானே அவுட் என்று சொல்லிவிடுகிறேன். "நடிக்காதீக சம்மந்தி, உள்ளதான்" என்பார் அவர், கண்ணாடி இல்லாமலே.

போன மாதம் ஜென்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையில் தொட்டிலைச் சுற்றி இரண்டு குடும்பமும் கூடி நின்றோம்.

"மூக்கு எங்க வீட்டு மூக்கு. அட்வான்டேஜ்" என்றார் அருளப்பன்.

"காது எங்க வீட்டுக் காது" என்றேன் நான்.

"ட்யூஸ்!" என்று நர்ஸ் உட்பட எல்லாரும் கத்தினார்கள். (நர்ஸுக்கும் யாரோ கதையைச் சொல்லியிருக்கிறார்கள்.)

ஸ்டெல்லா மட்டும் கையெடுத்துக் கும்பிட்டாள். "மூக்கு எதுனாலும் இருக்கட்டும், காது எதுனாலும் இருக்கட்டும். காலு மட்டும் இவுக காலு மாதிரி வந்துரக் கூடாது, மாதாவே!"

எல்லாரும் சிரித்துக்கொண்டே காப்பி குடிக்கப் போனார்கள். நான் மெதுவாகத் துணியை விலக்கிப் பார்த்தேன். பெருவிரலில் இருந்து சுண்டுவிரல் வரை என் கால்தான், அச்சு அசல். யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, துணியை இழுத்து மூடிவிட்டேன்.